பல் சிகிச்சைக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் பல் மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. அண்ணா நகர், காளவாசல், சிம்மக்கல் என எந்தப் பக்கம் போனாலும் பல் படம் போட்ட பலகை கண்ணில் படும். இருந்தும் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பலர், வலி தாங்க முடியாமல் போன பிறகே வருகிறார்கள். அந்த நேரத்தில் யாருக்கும் கேள்வி கேட்கத் தோன்றாது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போய் வாயைத் திறந்து உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு மிகவும் கவலை தரும் தவறு இதுதான்.

வாணியம்பாடியில் நடந்ததை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2022, 2023 ஆண்டுகளில் திருப்பத்தூரிலும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலும் சிலருக்கு மூளையைத் தாக்கும் ஒரு கொடிய தொற்று வந்தது. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் மெலியோய்டோசிஸ் என்ற நோய் அது. நோயுற்றவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனைக்குப் போய் வந்தவர்கள். அவர்களில் 8 பேர் இறந்துபோனார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் மற்ற ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஆய்வு 2025-இல் வெளிவந்தது. அந்தப் பல் மருத்துவமனையில், புண்ணைக் கழுவும் உப்பு நீரான சலைன் இருந்த பாட்டிலை அறுவைக் கருவியால் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அதே பாட்டிலை அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். கிருமி அந்தப் பாட்டிலில் இருந்தது.

அங்கே போன நோயாளிகள் மீது ஒரு குற்றமும் இல்லை. பாட்டிலைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? இப்போது நமக்குத் தெரியும். பல் பிடுங்குவது, ஈறில் அறுவை செய்வது, இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைப்பது போன்ற சிகிச்சைகளுக்கு முன் "சலைன் புதிதாகத் திறந்ததுதானே, டாக்டர்?" என்று கேளுங்கள். கருவிகள் ஒட்டி மூடிய உறையிலிருந்து உங்கள் கண்ணெதிரே எடுக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். ஆட்டோகிளேவ் என்ற கிருமி நீக்கும் நீராவிக் கருவியில் வைத்து எடுத்த உறையில் இருக்கும் அடையாளக் கோடு நிறம் மாறியிருக்கும். நீராவியின் அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உரிய நேரம் வைத்தால்தான் கிருமிகளின் எளிதில் அழியாத வித்துகள் வரை அழியும். கொதிநீரில் போட்டு எடுப்பது, ஸ்பிரிட்டால் துடைப்பது இரண்டும் போதாது. பல்லைக் குடையும் கைக்கருவிக்கும் இதே விதிதான். நல்ல மருத்துவர் யாரும் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்த தவறு, சிகிச்சை செய்கிறவர் யார் என்று பார்க்காதது. பல் மருத்துவம் நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டிலேயே பல் மருத்துவர்கள் சட்டத்தால் முறைப்படுத்தப்பட்ட தொழில். பி.டி.எஸ். என்ற பல் மருத்துவப் பட்டம் படித்துத் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலிலோ வேறொரு மாநில கவுன்சிலிலோ பதிவு செய்தவர்தான் பல் மருத்துவராகத் தொழில் செய்யலாம். பதிவு எண்ணை மருத்துவமனையிலும், எழுதித் தரும் மருந்துச் சீட்டிலும், ரசீதிலும் காட்ட வேண்டும் என்பது தொழில் ஒழுக்க விதி. பழைய சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. பல் மருத்துவர்களின் தேசியப் பதிவேட்டை இணையத்தில் வைக்கவும் அது வழி செய்கிறது. சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சுவரில் இருக்கும் எண்ணை நோயாளி படிக்காவிட்டால் அவருக்கு என்ன பயன்? ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் ஒரு புகார் கொடுக்க வேண்டி வந்தால் அதுதான் கையில் இருக்கும் சான்று.

சிறு ஊர்களில் பரம்பரையாகப் பல் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குறைந்த செலவில் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும் என்பதால் வயதானவர்கள் அவர்களை நாடுகிறார்கள். உடனே இறுகும் அக்ரிலிக்கையும் கம்பியையும் வைத்துப் பொய்ப்பல்லைப் பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிடுகிறார்கள். அதைக் கழற்றிக் கழுவ முடியாது. உணவு அடியில் சிக்கி அழுகி, ஈறு வீங்கி, தாங்கிப் பிடித்த நல்ல பல்லும் ஆட்டம் காணும். ஒரு பல்லுக்காகப் போய் மூன்று பல்லை இழப்பதில்தான் முடிகிறது. செலவுதான் தடை என்றால் ராஜாஜி அரசு மருத்துவமனையிலும் மதுரைப் பகுதிப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் சிகிச்சை பெறலாம்.

வலி வந்ததும் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவது அநேகமாக எல்லா வீட்டிலும் நடக்கிறது. சொத்தை, பல்லின் நரம்பை எட்டியதால் வரும் வலிக்கு ஆன்டிபயாடிக் உதவாது. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாத பெரும்பாலான பல்வலிகளுக்கு அதைத் தரவே வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. தேவை பல்லுக்கான சிகிச்சை: அடைப்பதோ, வேர் சிகிச்சையோ (ரூட் கேனால்), பிடுங்குவதோ. சில நாளில் வலி தானாக நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். உள்ளே நரம்பு செத்திருக்கும், தொற்று எலும்பை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். கன்னமும் தாடையும் வீங்கினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சொத்தையில் புகையிலை வைத்துக் கடிப்பதும், ஈறில் ஆஸ்பிரின் மாத்திரையை ஒதுக்குவதும் புண்ணைத்தான் கூட்டும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பல் பிடுங்கப் போகிறோம் என்று தாமாகவே அதை நிறுத்துவதும் ஆபத்து.

பால்பல்தானே, விழுந்துவிடும் என்று விடுவதும் தவறு. கடைவாய்ப் பால்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது. சொத்தையை அங்கேயே நிறுத்தும் சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற மருந்து 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. பூசிய இடம் கறுக்கும், ஆனால் ஊசியும் குடைதலும் தேவைப்படாது.

பழைய வெள்ளி அடைப்பில் பாதரசம் இருக்கிறது என்று பயந்து, நன்றாக இருப்பதைத் தோண்டி எடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2034-க்குள் இவ்வகை அடைப்பை நிறுத்த 2025-இல் முடிவு செய்தது உண்மைதான். அது இனிமேல் போடுவதைப் பற்றியது. பழுதில்லாத அடைப்பைக் குடையும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாக வெளிவரும்.

சர்க்கரை நோயாளிகள் ஈறில் ரத்தம் வருவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தால், மூன்று நான்கு மாதத்தில் எச்.பி.ஏ.1.சி. (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைகிறது என்று, பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2022-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு காட்டியது.

வெற்றிலைக்குப் பெயர் போன சோழவந்தான் நம் பக்கத்தில் இருக்கிறது. விருந்து முடிந்து தாம்பூலம் போடுவது நம் வழக்கம். புகையிலை சேர்க்காவிட்டால் கெடுதல் இல்லை என்று பலரும் நம்புகிறார்கள். பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. தினமும் பாக்கு மெல்கிறவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே போகும். மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் விட முடியவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தாலும் அப்படியே. மருத்துவர் சிறு சதையை எடுத்துச் சோதிக்கச் சொன்னால், "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று அக்கம்பக்கத்தில் யாராவது பயமுறுத்துவார்கள். அது உண்மையில்லை. அந்தச் சோதனையைத் தள்ளிப்போடும் மாதங்களில்தான் நோய் கழுத்துக்கு இறங்குகிறது.