ஸ்லாப் சிட்டிக்கு ஒரு பகல்: ஆர்.வி.யில் போகிறவர்களுக்கு

ஸ்லாப் சிட்டி என்ற பாலைவனக் குடியிருப்புக்குக் கிளம்புமுன் தீர்மானிக்க வேண்டிய முதல் விஷயம், பெரிய வண்டியை, அதாவது உள்ளேயே தங்கிக்கொண்டு பயணம் செய்யும் ஆர்.வி.யை, எங்கே விட்டுவிட்டுப் போவது என்பது. ஊரே ஆர்.வி.களால் ஆனதாயிற்றே, நம் வண்டிக்கு மட்டும் இடமில்லையா என்று தோன்றும். இடம் நிறைய இருக்கிறது. வந்த வழியே திருப்புவதற்குத்தான் இருக்காது.

கலிபோர்னியாவின் தென்கிழக்கில், இம்பீரியல் கவுண்டியில், நைலாண்ட் என்ற சிற்றூரிலிருந்து கிழக்கே ஆறு கி.மீ. தொலைவில் இருக்கிறது இந்த இடம். 1942-ல் அமெரிக்க மரைன் படை இங்கே கேம்ப் டன்லப் என்ற பயிற்சி முகாமை அமைத்தது. 1956-க்குள் கட்டடங்களைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். பெயர்க்க முடியாத கான்கிரீட் தளங்கள் மட்டும் தங்கிவிட்டன. அந்தத் தளங்கள்தான் ‘ஸ்லாப்’. நிலம் மாநில அரசுடையது. வாடகை கேட்க ஆளில்லை. அதேபோல மின்கம்பம், குடிநீர்க் குழாய், சாக்கடை, குப்பை வண்டி எதுவும் இல்லை. நீங்கள் கொண்டுபோகும் தண்ணீர்தான் தண்ணீர், நீங்கள் போடும் குப்பை நீங்களே திருப்பி எடுத்துக்கொண்டு வரவேண்டிய குப்பை.

போக ஏற்ற காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. கோடையில் வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் வண்டியின் கூரை ஏ.சி. திணறும், கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் குளிர்வதை நிறுத்திவிடும், டயர் வெடிக்கும். குளிர்காலத்தில் வேறொரு கணக்கு: டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், உள்ளே தெருவிளக்கு கிடையாது. காலை ஒன்பதுக்குள் உள்ளே போய் மூன்று மணிக்கெல்லாம் வெளியே வரும்படி திட்டமிடுங்கள்.

வண்டியை நிறுத்த நைலாண்டுக்கு வடக்கே 111-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஆர்.வி. பூங்காக்கள் இருக்கின்றன, ஃபவுண்டன் ஆஃப் யூத் அவற்றில் பெரியது. அங்கே மின் இணைப்போடு நிறுத்திவிட்டு, பின்னால் இழுத்துவந்த காரை எடுத்துக்கொண்டு போவதே சரி. கார் இல்லாதவர்கள் ஊர் வாசலிலேயே இருக்கும் சால்வேஷன் மவுண்டன் என்ற பெயிண்ட் பூசிய குன்றின் முன்னாலுள்ள இறுகிய மண்வெளி வரை மட்டும் மோட்டார்ஹோமைக் கொண்டுபோகலாம். அதற்கு அப்பால் சைக்கிள் அல்லது நடை.

காரை நான்கு சக்கரமும் தரையில் உருளும்படி இழுத்துக்கொண்டே உள்ளே போகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படி இழுக்கும்போது பின்னால் எடுக்கவே கூடாது. காரின் முன்சக்கரங்கள் தம் போக்கில் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும், இழுவைக் கம்பி வளைந்துவிடும். முட்டுச்சந்தில் நுழைந்துவிட்டால் காரைக் கழற்றித்தான் ஆகவேண்டும்; வண்டி கோணலாக நின்றிருந்தால் கொக்கியின் ஊசி இறுகிக்கொண்டு கழல மறுக்கும். வாடகை ஆர்.வி. என்றால் இன்னொன்று: பல ஒப்பந்தங்களில் தார் போடாத சாலையில் ஓட்டத் தடை இருக்கும். மணலில் சிக்கினால் இழுவைச் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழும். கையெழுத்திட்ட தாளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பெட்ரோல், டீசலை வடக்கிலிருந்து வருகிறவர்கள் இண்டியோவில் அல்லது கோச்செல்லாவில், தெற்கிலிருந்து வருகிறவர்கள் பிராலியில் நிரப்பிக்கொள்ளுங்கள். இண்டியோவிலிருந்து நைலாண்ட் சுமார் 90 கி.மீ. நைலாண்டை நம்பக் கூடாது. பல மோட்டார்ஹோம்களில் ஜெனரேட்டருக்கான குழாய் டேங்கின் கால்பங்கு உயரத்திலேயே நின்றுவிடும் என்பதால், எரிபொருள் கால் டேங்குக்குக் கீழே போனால் வண்டி ஓடும், ஏ.சி. ஓடாது. தண்ணீர் தலைக்கு நாளொன்றுக்கு குறைந்தது நான்கு லிட்டர், அதற்கு மேல் பொதுவாக ஒரு 20 லிட்டர் கேன். மோட்டார்ஹோமிலேயே போகிறவர்கள் நன்னீர் டேங்கை முழுக்க நிரப்ப வேண்டாம்: 150 லிட்டர் தண்ணீர் 150 கிலோ எடை, மணலில் அதுவும் சேர்ந்து அழுத்தும். மூன்றில் ஒரு பங்கு ஒரு பகலுக்குப் போதும். கழிவு டேங்குகளைக் காலியாக்கிவிட்டே புறப்படுங்கள். கைபேசிச் சிக்னல் வரும், போகும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளாகக் கொஞ்சம் சில்லறையும் வேண்டும்.

நைலாண்டில் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். மிக நீண்ட சரக்கு ரயில்கள் போகும் பாதை அது. மோட்டார்ஹோமும் பின்னால் காரும் சேர்ந்தால் பதினைந்து மீட்டருக்குக் குறையாது. எதிர்ப்பக்கம் அந்த நீளத்துக்கு இடம் காலியான பிறகுதான் தண்டவாளத்தில் ஏற வேண்டும்.

டயர் காற்றை விடியற்காலை, வண்டி அசைவதற்கு முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் ஆறிய பிறகு குறைந்துபோயிருக்கும். உள்ளே மண்பாதையில் மணிக்கு 10 கி.மீ. வேகம் போதும். பள்ளங்களைவிட ஆணிகள் ஆபத்தானவை: எரித்துத் தீர்த்த மரப்பலகைகளின் ஆணி சாம்பலோடு பாதையில் கிடக்கும்.

மணலில் சக்கரம் சுழல ஆரம்பித்தால் அந்தக் கணமே காலை எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஏறிவிடும் என்று தோன்றும். அழுத்தினால் அச்சு வரை புதையும். முதலில் இழுத்துவந்த காரைக் கழற்றுங்கள். சக்கரத்துக்கு முன்னால் சரிவாகத் தோண்டி, வண்டியைச் சமன்படுத்த வைத்திருக்கும் பலகைகளையோ பழைய கால்மிதியையோ இயக்கும் சக்கரங்களின் அடியில் செருகுங்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து, மெதுவாக நகர்த்துங்கள். வரவில்லையென்றால் 10 முதல் 15 பி.எஸ்.ஐ. காற்றை இறக்கிப் பாருங்கள். வெளியே வந்ததும் நெடுஞ்சாலை ஏறுமுன் திரும்ப நிரப்பியாக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாகப் போனால் டயரின் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். கார் டயருக்கான சின்ன பம்ப் 80 பி.எஸ்.ஐ. டயரிடம் தோற்றுவிடும், அதனால் 150 பி.எஸ்.ஐ. வரை தாங்கும் பம்பாக வாங்குங்கள்.

உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது சால்வேஷன் மவுண்டன். லியோனார்ட் நைட் (1931–2014) என்ற தனிமனிதர் 1980-களில் தொடங்கியது. சிமெண்டும் மணலும் கலந்து அவர் கட்டிய முதல் குன்று 1989-ல் சரிந்து விழுந்தது. இரண்டாவது முறை களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து எழுப்பி, பெயிண்டை அடுக்கடுக்காகப் பூசினார். இன்று அதைப் பிடித்து வைத்திருப்பதே பெயிண்ட் தோல்தான். அதில் விரிசல் விட்டால் மழைநீர் உள்ளே இறங்கி மண் கரையும். ஆகவே மஞ்சள் பூசிய பாதையில் மட்டும் ஏறுங்கள், மழை பெய்த மறுநாள் ஏறவே வேண்டாம். ஏதாவது கொடுக்க விரும்பினால் திறக்காத, தண்ணீரில் கரையும் பெயிண்ட் டப்பா நல்ல யோசனை.

ஊரின் மறுகோடியில் ஈஸ்ட் ஜீசஸ். பெயரைப் பார்த்துக் கோயில் என்று நினைக்க வேண்டாம். ‘ஆளரவமற்ற அத்துவானம்’ என்பதற்கான கொச்சை வழக்கு அது. பழைய தொலைக்காட்சிகள், பாட்டில்கள், டயர்கள் என்று தூக்கிப் போட்ட பொருள்களால் ஆன கலைக்கூடம். நுழைவு இலவசம், உண்டியல் உண்டு. தி ரேஞ்ச் என்ற திறந்தவெளி மேடையில் சனி இரவு இசை நடக்கும். பகல் பயணத்தில் அது அடங்காது. இருட்டில் முன்பின் தெரியாத மண்பாதையில் வெளியே வருவதைவிட விட்டுவிடுவதே மேல்.

மற்றதெல்லாம் மக்கள் வாழும் வீடுகள். வரிசையாகப் பதித்த டயர், கல், பாட்டில் இவைதான் இங்கே மதில்சுவர். ஓரடி உயரம்தானே என்று தாண்டக் கூடாது. உள்ளே பெரும்பாலும் கட்டாத நாய் இருக்கும். ஆளையோ வீட்டையோ படமெடுக்குமுன் கேளுங்கள், டிரோனைப் பெட்டியிலேயே வையுங்கள். வேண்டாம் என்று யாராவது சொன்னால் காரணம் கேட்காமல் நகர்ந்துவிடுங்கள்.

பேச்சுக்கொடுக்கிறவர்களிடம் சோலார் பற்றிக் கேளுங்கள், ஆர்.வி.க்காரருக்கு இங்கே கற்க நிறைய இருக்கிறது. 400 வாட் பேனல், ஐந்து மணி நேர நல்ல வெயில் என்றால் ஏட்டில் 2 யூனிட். சூட்டிலும் புழுதியிலும் கழிந்தது போகக் கையில் கிடைப்பது ஒன்றரைதான். கூரை ஏ.சி. அதை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தின்றுவிடும். அதனால்தான் இங்கே பலர் தண்ணீரில் நனைந்த திண்டு வழியே காற்றை இழுக்கும் கூலரை நம்புகிறார்கள். காற்று வறண்டிருப்பதால் நன்றாகவே குளிரும், மின்சாரம் கொஞ்சம்தான் பிடிக்கும். ஆனால் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும், அந்தத் தண்ணீரோ வண்டியில் வரவேண்டும். பாலைச் சூட்டில் ஈய-அமில பேட்டரிகளின் நீர் சீக்கிரம் வற்றும், குழாய்த் தண்ணீரை ஊற்றினால் தகடு கெடும். வெறுங்கையோடு போகத் தயங்குகிறவர்கள் நான்கு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்றை எடுத்துப்போங்கள். பழைய துணி மூட்டையைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

இரண்டு எச்சரிக்கைகள். பக்கத்தில் ஓடும் கோச்செல்லா கால்வாய் அமைதியாகத் தெரியும். கரைச்சரிவு வழுக்கும், இறங்கியவர் ஏறுவது கடினம். கிழக்கே சாக்லேட் மலைப்பக்கம் இருப்பது இன்றும் விமானங்கள் குண்டு வீசிப் பழகும் ராணுவ நிலம். பலகையைத் தாண்டிப் போகாதீர்கள், தரையில் கிடக்கும் உலோகத் துண்டு எதையும் தொடாதீர்கள்.

கழிவுநீரை, பாத்திரம் கழுவிய நீராக இருந்தாலும், அங்கே மண்ணில் திறந்துவிடாதீர்கள். பூங்காவுக்குத் திரும்பி அங்குள்ள குழியில் விடுங்கள். ஏ.சி. வடிகட்டியைக் கழற்றித் தட்டிப் பாருங்கள், ஒரு பகலிலேயே மாவு படிந்ததுபோல் இருக்கும்.

வெளிச்சம் மிச்சமிருந்தால் வடக்கே 30 கி.மீ. போய், சால்டன் ஏரிக்கரையில் கடல்மட்டத்துக்கு 68 மீட்டர் கீழே இருக்கும் பாம்பே பீச்சைப் பார்க்கலாம். மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள், கரையெல்லாம் மீன்முள். வண்டியை ஊருக்குள் தெருவிலேயே நிறுத்துங்கள்: காய்ந்த ஏரிப்படுகையின் மேல் ஓடு கெட்டியாகத் தெரியும், அடியில் சேறு.