மலைத்தோட்டக் கருவிகளுக்கான பெட்ரோல்: வாங்குவதும் கலப்பதும் வைத்திருப்பதும்

புல்லும் புதரும் வெட்டும் பிரஷ் கட்டர் கிளம்பவில்லை என்று ஏற்காட்டுப் பகுதித் தோட்டக்காரர்கள் பட்டறைக்கு எடுத்துவரும்போது, பெரும்பாலும் ஸ்பார்க் பிளக்கைத்தான் குறை சொல்வார்கள். பிளக்கை மாற்றியும் சரியாகாதபோது மெக்கானிக், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரைக் கழற்றுவார். பெட்ரோல் காய்ந்து படிந்த பழுப்புப் பிசின், ஊசித்துளை அளவே உள்ள ஜெட்டை அடைத்திருக்கும். மெல்லிய டயாஃபிரம் தாளும் விறைத்துப்போயிருக்கும். இந்தச் செலவுக்குக் காரணம் மட்டமான பெட்ரோலைவிடப் பழைய பெட்ரோலாகவே இருப்பது வழக்கம். ஆகவே எந்த வகையை வாங்குவது என்பதைவிட, எவ்வளவு வாங்குவது, எத்தனை நாளில் தீர்ப்பது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு முன், கருவி டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று தெரிந்திருக்க வேண்டும். எஞ்சின் ஆயில் ஊற்றுவதற்குத் தனி மூடி இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக். அதன் டாங்கில் வெறும் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். அப்படி ஒரு மூடியே இல்லாமல் பெட்ரோல் டாங்கு மட்டும் இருந்தால் அது டூ ஸ்ட்ரோக்; அதற்குப் பெட்ரோலில் ஆயிலைக் கலந்தே ஊற்ற வேண்டும். மரம் அறுக்கும் செயின் சாக்கள் ஏறத்தாழ எல்லாமே இந்த வகைதான். (செயின் சாவில் இரண்டாவதாக உள்ள மூடி சங்கிலிக்கான ஆயிலுக்கு உரியது; அதை எஞ்சின் ஆயில் மூடி என்று எண்ணிவிடக் கூடாது.) ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றினால் புகையும் கரியுமாகத் தொல்லை தருவதோடு போய்விடும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் இல்லாத பெட்ரோலை ஊற்றினாலோ சில நிமிடங்களிலேயே பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். இரண்டு வகைக் கருவிகளும் உள்ள தோட்டத்தில் கேன்களுக்கு வெவ்வேறு நிறப் பெயிண்ட் அடித்து வைப்பது நல்லது, ஏனென்றால் அவசரத்தில் கேனை எடுப்பவர் அதன்மேல் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.

இப்போது பங்குகளில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல், 2023 பிப்ரவரியில் அறிமுகமாகிப் படிப்படியாக நாடு முழுவதும் பரவிய ஈ20 வகை. அதாவது அதில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கும். சிறு எஞ்சின்களின் கையேடுகள் பலவற்றில், குறிப்பாகச் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கியவற்றில், 10 விழுக்காடு எத்தனால் வரைதான் ஏற்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். கருவியை உடனே தூக்கிப்போட வேண்டியதில்லை. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் டயாஃபிரத்தையும் கெடுக்கக்கூடியது என்பதால், பெட்ரோல் குழாயை அவ்வப்போது விரலால் அழுத்திப் பார்த்து, பிசுபிசுப்போ வெடிப்போ தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். வேலை முடிந்த பிறகு டாங்கில் பெட்ரோலை விட்டுவைக்கவும் கூடாது. கூடுதல் விலை கொடுத்து 95 ஆக்டேன் (எஞ்சினில் தட்டலைத் தடுக்கும் திறனின் அளவு) பெட்ரோல் வாங்குவதால் இக்கருவிகளுக்குப் பயனில்லை. இவை பொதுவாகக் கேட்பது 90 அளவு ஆக்டேன்தான், பிரீமியம் என்று பெயர் இருப்பதாலேயே அதில் எத்தனால் இருக்காது என்றும் சொல்ல முடியாது. எத்தனால் கலவாதது வேண்டுமென்றால் அதைப் பங்கில் நேராகக் கேட்டே வாங்க வேண்டும்.

மலைக்கே உரிய ஒரு செய்தியும் உண்டு. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு; எனவே சேலத்தில் சரி செய்த கார்புரேட்டர் மேலே பெட்ரோல் மிகுந்த கலவையைத் தரும். எத்தனாலோ இதற்கு எதிராகக் கலவையை மெலிய வைக்கும். இரண்டும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், மலையில் சற்றுப் புகைகிறது என்பதற்காக உடனே கார்புரேட்டரின் கலவைத் திருகைத் திருப்ப வேண்டாம். கவலைப்பட வேண்டியது மறுதிசையில்தான்: மலையில் திருகைத் திருப்பிச் சரி செய்த செயின் சாவை அப்படியே கீழே கொண்டுவந்து சேலத்து வெயிலில் மரம் அறுத்தால், மெலிந்த கலவையால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும்.

டூ ஸ்ட்ரோக் கலவைக்குக் காற்றால் குளிரும் எஞ்சின்களுக்கான 2டி (2T, அதாவது டூ ஸ்ட்ரோக்) ஆயிலையே வாங்க வேண்டும். டப்பாவில் ஜாஸோ எஃப்சி அல்லது எஃப்டி (JASO FC, FD) என்ற ஜப்பானியத் தரக்குறி இருந்தால் நிம்மதி. பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 ஆயில் இதற்கு ஆகாது. விகிதத்தைக் கையேடு சொல்லும்: 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 40:1 என்றால் 25 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. சில நிறுவனங்கள் தங்கள் சொந்த ஆயிலுக்கு 50:1 என்றும் பிற ஆயில்களுக்கு 25:1 என்றும் ஒரே பக்கத்தில் அச்சிடுவதால், அந்த வரியை முழுதாகப் படிக்க வேண்டும். பாட்டில் மூடியால் அளக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் 20 மில்லி சிரிஞ்சை இதற்கென்றே ஒதுக்கிவிட்டால் கணக்குத் தவறாது. கேனில் முதலில் பாதிப் பெட்ரோல், பிறகு முழு ஆயில், மூடிக் குலுக்கல், அதன்பின் மீதிப் பெட்ரோல் என்பதே வரிசை. டாங்கில் ஊற்றும் ஒவ்வொரு முறையும் கேனை மறுபடி குலுக்க வேண்டும்.

பாட்டிலில் பெட்ரோல் தரப் பல பங்குகளில் மறுப்பார்கள்; மறுப்பது சரியும்கூட. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்காக அல்லாமல் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். ஆனால் கலன் இறுக மூடியதாக, கண்ணாடி அல்லது பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கும், உலோகம் என்றால் 25 லிட்டருக்கும் மிகாததாக இருக்க வேண்டும். சிறு தோட்டத்துக்கு ஐந்து லிட்டர் உலோகக் கேன் இரண்டே போதுமானது. நிரப்பும்போது கேனைத் தரையில் வைத்து, பங்கின் குழாய்முனை கேனின் வாயைத் தொட்டிருக்கப் பிடிக்க வேண்டும். ஜீப்பின் பின்புறத்திலோ ஸ்கூட்டரின் மிதிபலகையிலோ வைத்தபடியே நிரப்பினால் நிலைமின்சாரப் பொறி எழும் ஆபத்து உண்டு.

கேனைக் கழுத்துவரை நிரப்பக் கூடாது. பத்தில் ஒரு பங்காவது காலியிடம் விட வேண்டும். அடிவாரத்தில் இறுக மூடிய கேன் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மேலே வந்து சேரும்போது, வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்திருப்பதால் உள்ளே ஆவி முட்டிக்கொண்டிருக்கும். அதை ஒரே திருகில் திறந்தால் பெட்ரோல் முகத்தில் தெறிக்கும். கால் திருகு திருகி, சீறல் அடங்கிய பிறகே முழுதாகத் திறக்க வேண்டும். பேருந்தில் பெட்ரோல் கொண்டுபோகவே கூடாது.

வைத்திருப்பதில் மலையில் வெப்பத்தைவிட ஈரமே பெரிய எதிரி. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பனிமூட்டம் நாள்கணக்கில் கலையாத மாதங்களில், மூடி தளர்ந்த அரைக் கேன் பெட்ரோல் பகலில் ஆவியை வெளியே விட்டு, இரவுக் குளிரில் ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். நீர் ஓர் அளவைத் தாண்டியதும், குறிப்பாக இரவில் குளிர் இறங்கும்போது, எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டாங்கின் உறிஞ்சுகுழாய் அடியிலிருந்தே எடுப்பதால், எஞ்சினுக்கு முதலில் போவது ஆயிலே இல்லாத அந்தப் படலம்தான். இதைக் கண்டுபிடிக்க, சந்தேகமான கேனை அசைக்காமல் அடிப்பகுதியிலிருந்து கொஞ்சம் எடுத்து, தெளிந்த கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். நல்ல கலவை மேலிருந்து கீழ்வரை 2டி ஆயிலின் ஒரே நிறத்தில் நிற்கும்; கெட்டதிலோ நிறமெல்லாம் மேல்பகுதியில் தங்க, அடியில் நிறமற்றோ லேசாகக் கலங்கியோ தனிப்படலம் தெரியும், குப்பியைச் சாய்த்தால் இரண்டுக்கும் நடுவே கோடு போட்டாற்போல் எல்லை நகரும். அப்படிப் பிரிந்ததைக் குலுக்கிச் சேர்க்க முடியாது. பெட்ரோல் கெடாமல் காப்பதாக விற்கும் ஸ்டெபிலைசர் திரவமும் அதை மீட்காது. அது புதிய பெட்ரோலில் வாங்கிய அன்றே கலப்பதற்கு உரியது.

எனவே பெரிய கேனில் பாதி வைப்பதைவிடச் சிறிய கேனை நிறைத்து வைப்பதே மேல். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கலக்காததை இறுக மூடி நிழலில் வைத்தால் இரண்டு மாதம் வரை நம்பலாம். சேலத்தில் தகரக் கொட்டகைக்குள் சித்திரை வெயிலில் வைப்பதானால் இந்தக் கணக்கைப் பாதியாக்கிக்கொள்வது நல்லது. வாங்கிய தேதியை மாஸ்கிங் டேப்பில் எழுதிக் கேனில் ஒட்டிவிட்டால் யாரும் ஊகிக்க வேண்டியிருக்காது.

கேன் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய், பல அடி தள்ளியிருக்கும் விறகடுப்பிலோ சாமி விளக்கிலோ பற்றிக்கொள்ளும். காற்றோட்டமுள்ள தனிக் கொட்டகையில், பூட்டி வைப்பதே முறை. உரமும் பிளீச்சிங் பவுடரும் அடுக்கிய கிடங்கிலேயே பெட்ரோலையும் வைக்கும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. அது மிகவும் ஆபத்தானது, உடனே மாற்ற வேண்டியது. வாசலருகே பவுடர் வகைத் தீயணைப்பானும் ஒரு வாளி உலர்மணலும் இருக்கட்டும், பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

வேலைக்காலம் முடிந்து கருவியை மூலையில் வைக்குமுன், எஞ்சின் ஆறிய பிறகு டாங்கைக் காலி செய்து, மறுபடி கிளப்பித் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். பிறகு சோக்கை (காற்றை அடைக்கும் நெம்பை) போட்டு இன்னும் இரண்டு முறை கயிற்றை இழுத்தால் கார்புரேட்டரில் எஞ்சியதும் தீரும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கார்புரேட்டர்க் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி வடித்தாலே போதும். நீர் பிரிந்த பழைய பெட்ரோலை ஓடையிலோ மண்ணிலோ ஊற்றாமலும், சருகு கொளுத்தப் பயன்படுத்தாமலும், தனிக் கேனில் மூடி, உதிரிபாகம் கழுவத் தேவைப்படுமா என்று பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடலாம்.