மழைக்கு முன் தேன் பெட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர் நாடுகளில் தேனீக்களுக்குப் பனிக்காலம் எதுவோ, குமரி மாவட்டத்துப் பெட்டிகளுக்கு மழைக்காலம் அதுதான். ரப்பர் துளிர்விடும் மாதங்களில் தேன் பெருகும். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் பூவும் இல்லை, பறக்கவும் வழியில்லை. பசி முற்றினால் நம் இந்தியத் தேனீ காத்திருக்காது. ராணி முட்டையிடுவதைக் குறைக்கும். ஒரு நாள் கூட்டமே பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிடும். ஓடிப்போய்விட்டதென்று தேனீயைக் குறை சொல்வது நியாயமில்லை. பெரும்பாலும் நாம்தான் விரட்டியிருப்போம்.

விரட்டுவது கடைசி அறுவடையில் தொடங்குகிறது. மேலே உள்ள தேன் அறையில் மட்டுமே கை வைக்க வேண்டும். கீழே, தேனீக் குஞ்சுகள் வளரும் புழு அறையில், ஒவ்வோர் அடையின் மேல்விளிம்பிலும் வளைவாக மூடிவைத்த தேன் இருக்கும். அது புழுக்களை வளர்க்கும் கூட்டத்தின் இருப்பு. அதையும் பிழிந்தெடுப்பது மன்னிக்க முடியாத பேராசை.

அடுத்தது, பாகு ஊட்டும் முறை. கருப்பட்டி, வெல்லம் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும். வெள்ளைச் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்து, காய்ச்சி ஆறவைத்து, வாரம் ஒரு பெட்டிக்குச் சுமார் 200 கிராம் சர்க்கரை என்ற கணக்கில் கொடுங்கள். சிரட்டையில் ஊற்றிப் பெட்டிக்குள் வைக்கும்போது இரண்டு ஈர்க்குச்சிகளைக் குறுக்கே மிதக்கவிடுங்கள்; இல்லாவிட்டால் குடிக்க வரும் தேனீக்கள் மூழ்கிச் சாகும். பகலில் ஊட்டுவதும், வாசலில் ஒரு துளி சிந்துவதும் பெரிய ஆபத்து. வாசனை பிடித்து அடுத்த பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வரும். பலவீனமான கூட்டம் ஒரே பகலில் அழியும். மாலையில், எல்லாப் பெட்டிகளுக்கும் ஒன்றாக ஊட்டுங்கள்.

தேனீக்கள் இல்லாத பழைய அடைகளை உள்ளேயே விட்டால் மெழுகுப் பூச்சி குடியேறும். அவற்றை எடுத்துவிட்டு, அடிப்பலகையில் சேரும் மெழுகுத் தூளையும் துடையுங்கள். பெட்டிக் கால்களுக்குக் கீழுள்ள எறும்புக் கிண்ணங்களில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். பெட்டி வாசல் பக்கம் சற்றுச் சரிந்திருந்தால் மழைநீர் உள்ளே தேங்காது. தூறலில் மூடியைத் திறக்காதீர்கள்.

நோய்க் கூட்டத்தின் அடை கட்டிய மரச்சட்டத்தை நல்ல பெட்டிக்கு மாற்றவே கூடாது. 1990களின் தொடக்கத்தில் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக் புரூட் (Thai sacbrood) வைரஸ் தென்னிந்தியப் பெட்டிகளைத் துடைத்தெடுத்தது. அடையில் புழு நீர் நிறைந்த பைபோலச் செத்துக் கிடந்தால் அதுதான்.

நோயில்லாத, ஆனால் மெலிந்த இரண்டு கூட்டங்களைத் தனித்தனியாக மழைக்கு விடாமல் இணைத்துவிடுங்கள். ராணியுள்ள பெட்டியின் மேல் செய்தித்தாளை விரித்து ஊசியால் சில துளைகள் இட்டு, ராணியை நீக்கிய கூட்டத்தை அதன்மேல் வையுங்கள். தாளைக் கடித்துத் தீர்ப்பதற்குள் இரண்டின் வாசனையும் கலந்துவிடும், சண்டை வராது.