விபத்துக்குப் பின் வாடகைக் காரா? முதலில் இந்த இரண்டு எண்களைப் பாருங்கள்

அமெரிக்காவில் விபத்தில் அடிபட்ட காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறீர்களா? வாடகைக் காரைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் ‘ரென்டல் ரீஇம்பர்ஸ்மென்ட்’ (வாடகைக் கார் செலவைத் திருப்பித் தருவது) என்ற பகுதியைத் தேடிப் பாருங்கள். 40/1,200 என்று இருந்தால், நாளுக்கு 40 டாலர், மொத்தம் 1,200 டாலர் வரை தருவார்கள். 40 டாலர் காரை எடுத்தால் 30 நாளில் பணம் தீர்ந்துவிடும். வரியெல்லாம் சேர்த்து 30 டாலருக்குள் வரும் சின்னக் கார் என்றால் அதே தொகை 40 நாள் தாங்கும். உதிரி பாகம் வரத் தாமதமாகும்போது அந்த 10 நாள் பெரிய உதவி. சில பாலிசிகளில் நாள் கணக்குக்கும் உச்சவரம்பு உண்டு. அங்கே இது பலிக்காது.

தவறு அடுத்தவருடையது என்றால், முதலில் அவருடைய இன்ஷூரன்ஸிடம் வாடகையைக் கேளுங்கள். உங்கள் வரம்பு அப்படியே இருக்கும்.

ரென்டல் ரீஇம்பர்ஸ்மென்ட் தனியாகச் சேர்க்க வேண்டிய கவரேஜ். ‘ஃபுல் கவரேஜ்’ என்று சொல்லி விற்ற பாலிசியில்கூட இல்லாமல் இருக்கலாம். ஆயில் மாற்றவோ, தேய்ந்துபோன இன்ஜினைச் சரிசெய்யவோ காரை விட்டால் இதில் பணம் வராது. வாடகைக் காருக்குப் போடும் பெட்ரோலும் பொதுவாக உங்கள் செலவுதான்.