பைக் சிக்லிட்டை ஜோடி சேர்ப்பதில் அவசரம் வேண்டாம்

தென் அமெரிக்க ஆறுகளின் நீள உடம்பு வேட்டை மீனான பைக் சிக்லிட்டை வளர்க்க ஆசைப்பட்டு, பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி போன வாரம் கேட்டான்: "அண்ணாச்சி, ரெண்டு குட்டி வாங்கி விட்டா போதும்லா? அதுகளே ஜோடி சேந்துக்கிடும்?"

சேராது. நானும் முதலில் இரண்டே மீன்தான் வாங்கினேன். ஒருநாள் விடியக்காலையில் பார்த்தால் பெண் மீன் பில்டர் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிறது. வாலில் நரம்பு மட்டும்தான் மிச்சம். விலாவில் செதில் உரிந்து வெள்ளைத் தோல் தெரிந்தது. மத்தியானத்துக்குள் செத்துப்போனது, வயிறு மட்டும் அப்போதும் சிவப்பாகவே இருந்தது.

அந்தச் சிவப்பைத்தான் நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். பைக் சிக்லிட் இனங்கள் பலவற்றில், முட்டையிடத் தயாரான பெண்ணுக்கு வயிறு உப்பிச் சிவக்கும். உடம்பை வில்லாக வளைத்து, அந்த வயிற்றை ஆணிடம் காட்டி நடுங்கும். ஆனால் ஆணும் தயாராக இருக்க வேண்டுமே! ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால் அடிதான் விழும், அதுவும் தப்பி ஓட இடமில்லாத தொட்டியில்.

ஆறு முதல் எட்டுக் குட்டிகளை ஒன்றாக விட்டு வளர்ப்பதே சரியான வழி. எது எதோடு சேர்கிறது என்று பார்த்து, அந்த ஜோடி நிலைத்ததும் மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். வளர்ந்த மீன்களாகத்தான் கிடைத்தது என்றால் நடுவில் பிளாஸ்டிக் கம்பித் தடுப்பு போடுங்கள். ஓரத்தில், சின்ன மீன் மட்டும் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை போதும். அது விரும்பினால் போகும், அடி விழுந்தால் திரும்பி வந்துவிடும்.

வாங்கும்போதே நடக்கும் தவறு இன்னொன்று: இனம் தெரியாமல் வாங்குவது. விரல் நீளக் குட்டியாக எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். பிரேசிலின் டொகாண்டின்ஸ் ஆற்றுக் காம்ப்ரெசிசெப்ஸ் என்ற இனம் ஒரு விரலளவிலேயே நின்றுவிடும். லுகுப்ரிஸ் என்ற இனம் ஓர் அடியைத் தாண்டும். முன்னதற்கு 3 அடித் தொட்டி தாராளம். பின்னதற்கு 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், அதாவது சுமார் 680 லிட்டர் வேண்டும். இடமில்லை என்று தாமிரபரணியின் குறுக்குத்துறையில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. இது மீன் தின்னும் மீன். தாமிரபரணிக்கே உரிய கெண்டை இனம் ஒன்று, தாம்பிரபர்ணி என்ற பெயரையே சுமக்கும் டாக்கின்சியா, அங்கே வாழ்கிறது.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்கென்று சில தவறுகள் உண்டு. தொட்டிக் கண்ணாடியில் வெள்ளைக் கோடு படிய வைக்கிற கடினமான போர் தண்ணீரில் பெரிய இனங்கள் பல தாக்குப்பிடிக்கும். ஆனால் இலைச்சாறு ஊறிக் கறுத்த, மென்மையான நீர் ஓடும் கருநீர் ஆறுகளிலிருந்து வரும் குட்டை இனங்களின் முட்டை பொரியாமல் போகலாம். ஐப்பசி மழைநீரைச் சுத்தமாகப் பிடித்துக் கலந்துகொள்ளுங்கள். கொஞ்சம் குளிர்ந்த அந்த மென்நீரே முட்டையிடவும் தூண்டும். ஆற்றுத்தண்ணீர் மென்மைதான், ஆனால் குழாயில் வரும்போது குளோரினோடு வருகிறது, அதை நீக்காமல் ஊற்றக் கூடாது. சித்திரை வெயிலில் மொட்டை மாடி டேங்கிலிருந்து மத்தியானம் தண்ணீர் மாற்றவே மாற்றாதீர்கள். கையே பொறுக்காத சூடு அது. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும்.

தீனிக்குக் கோல்டுபிஷ் போடுகிறவர்கள் நிறுத்திவிடுங்கள். நோயும் வரும், அதிலுள்ள தயாமினேஸ் நொதி பி1 வைட்டமினையும் அழிக்கும். இறால் துண்டுக்கும் மண்புழுவுக்கும் பழக்கினால் போதும்.

முட்டை குகையின் உள்பக்கக் கூரையில் ஒட்டியிருக்கும். வாய் குறுகிய மண்கலயத்தைச் சாய்த்து வையுங்கள், பெண் உள்ளே காக்கும், ஆண் வெளியே எல்லையைக் காக்கும். ஆர்வத்தில் கலயத்தைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால் தாயே முட்டையைத் தின்றுவிடக்கூடும்.

குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் அப்போதே பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் பொடி இறால் வகை) கொடுங்கள், ஒரு நாளில் பல வேளை. பிறகு வாரம் ஒருமுறை அளவு பார்த்துப் பிரித்துவிடுங்கள். பிரிக்காமல் விட்ட ஒரு தடவை, தன்னைவிடக் கொஞ்சமே சிறிய தம்பியின் வால் வாயில் நீட்டிக்கொண்டிருக்க, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஒரு குஞ்சு மிதந்ததைப் பார்த்தேன். இரண்டுமே பிழைக்கவில்லை.