ஆண்டு முழுவதும் தொடரும் வேலைகள்: தொடக்கப்பள்ளி வகுப்பின் ஆண்டைத் திட்டமிடும் முறை

கல்வியாண்டின் தொடக்கத்தில் ஆண்டுத் திட்டம் எழுத உட்காரும் ஆசிரியரின் கை முதலில் நாட்காட்டியைத்தான் தேடும். சுற்றுச்சூழல் நாள், அறிவியல் நாள், புத்தக நாள், விளையாட்டு நாள் என்று கட்டங்கள் நிரம்பும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சார்ட், ஒரு போட்டி, ஒரு புகைப்படம். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் எழுதி வந்தேன். ஓர் ஆண்டின் இறுதியில், எது நினைவில் நிற்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டபோது அந்த நாள்களில் ஒன்றைக்கூட எவரும் சொல்லவில்லை; கிண்ணத்தில் முளைத்துச் சன்னல் கம்பியைப் பற்றி ஏறிய அவரைக்கொடியைப் பற்றி மட்டும் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அதன்பிறகு என் திட்டத்தில் ஆண்டு முழுவதும் தொடரும் மூன்று அல்லது நான்கு பொதுவேலைகளை முதலில் எழுதிவிட்டு, மற்றவற்றை அவற்றின் இடைவெளியில் வைக்கிறேன். அப்படிப்பட்ட வேலைகளைத் தேர்ந்து, தொடங்கி, நடுவில் நின்றுபோகாமல் கொண்டுசெல்லும் முறையை இங்கே எழுதுகிறேன்.

நீண்ட வேலை என்பது பெரிய வேலை அன்று. ஒரு முறைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கும் எதுவும் இரண்டாம் மாதத்தைத் தாண்டுவதில்லை. மெதுவாக, ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி மாறுகின்ற ஒன்றாக அது இருக்க வேண்டும். அடுத்து என்ன ஆகும் என்பது ஆசிரியருக்கும் முழுமையாகத் தெரியாததாக இருந்தால் இன்னும் நல்லது.

இதற்கு நான் முதலில் சொல்வது நிழலளப்பு. திறந்தவெளியில் சமதளமான ஓரிடத்தில் ஐம்பது சென்டிமீட்டர் உயரக் குச்சி ஒன்றைச் செங்குத்தாக நட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதன் நண்பகல் நிழலை அளக்க வேண்டும். கடிகாரம் பன்னிரண்டு காட்டும் நேரமும் சூரியன் உச்சிக்கு வரும் நேரமும் பெரும்பாலும் ஒன்றல்ல. ஆகவே முதல் நாள் பதினொரு மணியிலிருந்து ஒரு மணிவரை கால் மணிக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, நிழல் மிகக் குறுகியிருந்த நேரத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். அந்த நேரமும் ஆண்டுக்குள் சற்று முன்பின்னாக நகரும் என்பதால், அடுத்தடுத்த முறைகளில் அதை ஒட்டி மூன்று குறிகள் வைத்து, மிகக் குறுகியதை எடுத்துக்கொண்டால் போதும். அளந்த நீளத்துக்குக் காகித நாடா ஒன்றை வெட்டி, தேதி எழுதி, வகுப்பறைச் சுவரில் வரிசையாக ஒட்ட வேண்டும். இருபது நாடாக்கள் சேரும்போது, வரைபடம் என்ற சொல்லையே கேட்டிராத குழந்தைகள் ஒரு வரைபடத்தின் முன்னால் நின்று அதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். வெப்பமண்டலத்துக்கு வெளியே வடகோளத்தில் டிசம்பர் 21ஐ ஒட்டியும் தென்கோளத்தில் ஜூன் 21ஐ ஒட்டியும் நண்பகல் நிழல் மிக நீண்டிருக்கும். வெப்பமண்டலத்துக்குள் உள்ள ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு நாள்கள் அது குச்சியின் அடியிலேயே ஒடுங்கிவிடும். இவற்றை முன்கூட்டியே சொல்லிவிடும் ஆசையை ஆசிரியர் அடக்கிக்கொள்வது நல்லது.

இந்த வேலையில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஓர் ஆண்டில் குச்சி காற்றில் முறிந்துவிட்டது. கைக்குக் கிடைத்த வேறொரு குச்சியை நட்டேன். அது நான்கு சென்டிமீட்டர் அதிக உயரம் என்பதை நான் பார்க்கவில்லை. நிழல் குறைந்துகொண்டே வந்த மாதத்தில் ஒரு நாடா மட்டும் திடீரென்று நீண்டு நின்றது. சூரியன் திரும்பிப் போய்விட்டது என்று ஒருவரும், நான் வெட்டியது சரியில்லை என்று இன்னொருவரும் சொல்ல, மூன்றாவதாக ஒரு சிறுமி வெளியே போய் அளவுகோலைக் குச்சியோடு சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த நாடாவை நாங்கள் கிழித்துப் போடவில்லை. கீழே ‘வேறு குச்சி’ என்று எழுதிவைத்தோம். அளக்கத் தவறிய நாள்களுக்கும் இதே விதிதான். இடத்தைக் காலியாக விட்டு ‘மேகம்’, ‘விடுமுறை’ என்று காரணத்தை எழுதலாமே தவிர, உத்தேசமாக ஒரு நாடாவை வெட்டி ஒட்டக்கூடாது.

முதல் இரண்டு வகுப்புகளுக்குப் பல் கணக்கு நன்றாகப் பொருந்தும். பால்பற்கள் இருபது, ஆறு வயதையொட்டி விழத் தொடங்கிப் பன்னிரண்டு வயதளவில் விழுந்து முடியும். மாதத்துக்கு எத்தனை பல் விழுந்தது என்று வகுப்பின் மொத்தக் கணக்கை மட்டும் எழுத வேண்டும், ஆள் பெயர் வேண்டாம். இன்னும் ஒரு பல்கூட விழாத குழந்தைக்குக் கவலை இருக்கும். அதைத் தனியே அழைத்துப் பேசிவிடலாம். உயரம் அளப்பதானால் ஆண்டுக்கு இருமுறை போதும், இந்த வயதில் வளர்ச்சி ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர்தான். உயர நாடாக்களைச் சுவரில் ஒட்டாமல் அவரவர் உறையில் வைக்கச் சொல்ல வேண்டும். எடையைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

விதை முளைக்கவைக்கும் வேலையை எல்லா வகுப்பும் செய்கிறது, பெரும்பாலும் ஒரு வாரத்தில் முடித்தும்விடுகிறது. அதை நீட்டிக்க ஒரு வழி உண்டு. விதை முளைக்க நீரும் காற்றும் இதமான வெப்பமும் வேண்டும். அவரை போன்ற விதைகளுக்கு அந்தக் கட்டத்தில் ஒளி தேவையில்லை. எனவே பாதிக் கிண்ணங்களைச் சன்னலோரத்திலும் பாதியை மூடிய அலமாரிக்குள்ளும் வைக்கலாம். துணி ஈரமாக இருந்தால் போதும். அன்பு மிகுதியால் நீரை ஊற்றிக்கொண்டே இருக்கும் குழந்தையின் விதை காற்றில்லாமல் அழுகிவிடும் என்பதால் ஒவ்வொருவருக்கும் இரண்டு விதைகள் தருவது நல்லது. சில நாள்களில் அலமாரிச் செடிகள் சன்னல் செடிகளைவிட உயரமாக, வெளிறிய மஞ்சளாக நிற்கும். இருட்டில்தான் செடி நன்றாக வளர்கிறது என்று வகுப்பே முடிவுகட்டும். அங்கேதான் ஆசிரியர் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். விதையிலைகளில் இருந்த உணவு தீர்ந்ததும் அந்தச் செடிகள் தாமாகவே சாயும். பொதுவாகவே கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் ஏறக்குறைய ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று வினாடியாவது காத்திருந்தால் விடைகள் நீளுகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்றும் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் கண்டறிந்தார். செடி விஷயத்தில் அந்த மூன்று வினாடி சில வாரங்களாக நீளுகிறது, அவ்வளவுதான்.

குழுவேலை என்று பெயரிட்டாலே நால்வரில் ஒருவர் எழுத, மற்ற மூவர் வேடிக்கை பார்ப்பது நாம் அறிந்ததுதான். இதற்கு உளவியலாளர் எலியட் ஆரன்சனும் அவருடைய மாணவர்களும் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், புதிதாக ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்ட வெவ்வேறு இனக் குழந்தைகளுக்கிடையே இருந்த பகையைக் குறைக்க வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். நால்வர் கொண்ட குழுவில் ஒருவருக்கு முட்டை, ஒருவருக்குப் புழு, ஒருவருக்குக் கூட்டுப்புழு, ஒருவருக்கு வளர்ந்த பூச்சி என்று ஆளுக்கொரு சீட்டைக் கொடுக்க வேண்டும். பிறகு எல்லாக் குழுக்களிலும் உள்ள ‘முட்டை’க்காரர்கள் ஓரிடத்திலும் ‘புழு’க்காரர்கள் வேறிடத்திலும் என்று கூடி, தங்கள் பகுதியைப் படித்து, எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு பழைய குழுவுக்குத் திரும்பிச் சொல்லிக்கொடுப்பார்கள். திக்கித் திக்கிப் படிக்கும் குழந்தைக்கு அந்த ஒத்திகைதான் உயிர். கேட்பவர்கள் கேள்வி கேட்கலாம், குறுக்கே திருத்தக்கூடாது என்ற ஒரே விதி போதும். எழுத்து வராத சின்ன வகுப்புக்குப் படச்சீட்டு. தலை மிஞ்சினால் ஒரு சீட்டை இருவருக்குக் கொடுத்துவிடலாம்.

இத்தனைக்கும் நடுவில் ஓட வேண்டியது வகுப்பு நாளேடு. தடித்த நோட்டு ஒன்றில் நாளுக்கொரு பிள்ளை முறைவைத்து மூன்று வரி எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர் படம் வரையலாம். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டதால் நெடுநேரம் உரக்கப் பேச இயலாத பிரெஞ்சு ஆசிரியர் செலஸ்தேன் பிரெனே, 1920களில் தன் கிராமப் பள்ளிக்குள் சிறிய கையச்சு இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து, குழந்தைகள் எழுதியதைக் குழந்தைகளையே அச்சிட வைத்து, அந்தத் தாள்களை வேறு பள்ளிகளுக்கு அனுப்பினார். அச்சு நமக்கு வேண்டியதில்லை. யாரோ படிக்கப்போகிறார்கள் என்ற எண்ணம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு நாளும் காலையில் முந்தைய நாளின் பக்கத்தை எழுதியவரே படிக்க வேண்டும். நாளேட்டில் சிவப்பு மையை வைக்காதீர்கள். அடிக்கடி வரும் பிழைகளைத் தனியே குறித்துக்கொண்டு, மறுவாரம் யாருடையது என்று சொல்லாமல் கரும்பலகையில் எடுத்துக்கொள்ளலாம். என் வகுப்பில் ஒரு சிறுவன், “இன்று ஒன்றும் நடக்கவில்லை. மழை வரப்பார்த்தது. வரவில்லை” என்று எழுதியிருந்தான். மறுநாள் படிக்கும்போது நிறுத்திவிட்டு, பள்ளி விட்டபின் மழை வந்ததாகச் சொல்லி, அதையும் சேர்த்து எழுத அனுமதி கேட்டான். மொழிப்பாடத்தில் அன்று வேறு பயிற்சி தேவைப்படவில்லை.

பாடத்தை எப்போது முடிப்பீர்கள் என்று பெற்றோரும் மேலதிகாரிகளும் கேட்பார்கள். நீளமளத்தல், கழித்தல், வரைபடம், தாவரப் பாகங்கள், வாக்கிய அமைப்பு என்று எந்த வேலை எந்தப் பாடத்தோடு சேர்கிறது என்பதைப் பாடக்குறிப்பிலேயே எழுதிவைத்தால் அந்தக் கேள்வி அங்கேயே நின்றுவிடும்.

ஆண்டின் நடுவில் ஒரு தொய்வு வரும், கட்டாயம் வரும். அளக்கப் போகும் முறை யாருடையது என்பதே மறந்துபோகும். அப்போது ஊக்கப் பரிசுகளை அறிவிப்பதைவிட, வேலைகளில் ஒன்றை நிறுத்திவிடுவது நல்லது. எதை நிறுத்துவது என்பதை வகுப்பே வாக்கெடுத்து முடிவுசெய்யட்டும், காரணத்தை நாளேட்டில் எழுதட்டும். நான்கில் இரண்டு வேலைகள் ஆண்டு முடியும்வரை ஓடினாலும் நிறைவுதான்.

இறுதி இரண்டு வாரங்களில் நாடாக்களைச் சுவரிலிருந்து கழற்றிக் கலைத்துப் போட்டு, தேதியை மறைத்துவிட்டு, மறுபடி வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். வேனில்பக்கமா குளிர்பக்கமா என்று ஒரே நீளமுள்ள இரண்டு நாடாக்களுக்காக நடக்கும் சண்டையில் அந்த ஆண்டின் பாடம் முழுவதும் திரும்ப வந்துவிடும். பின்பு நாடாக்களையும் நாளேட்டையும் ஒரு பெட்டியில் கட்டி, அடுத்து அந்த அறைக்கு வரப்போகும் வகுப்புக்கு வைத்துவிட்டுப் போகலாம். பெட்டியின் மேல் குச்சியின் உயரத்தை மறக்காமல் எழுதிவையுங்கள்.