திருகாணியைக் கழற்றாமலே சாயமேற்றியது

எலியின் தொடை எலும்பில் பதித்த டைட்டானியம் திருகாணியைச் சுற்றி ஆஸ்டியோகால்சின் என்ற எலும்புப் புரதம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வழக்கம்போல இடிடிஏ கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்கினேன். திருகாணியை மெல்லக் கழற்றிவிட்டு பாரஃபின் மெழுகில் பதித்தேன். சீவிப் பார்த்தால் ஓட்டையின் விளிம்பு கந்தல். கழற்றிய திருகாணியை லென்ஸில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: மரையிடுக்கில் வெள்ளையாகத் திசு ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வேண்டிய இடமே அதுதான்!

சரி, உலோகத்தோடே பதிப்போம் என்று சாதாரண அக்ரிலிக் பிசினுக்கு மாறினேன். அது இறுகும்போது கிளம்பிய சூட்டில் புரதம் கெட்டு, அதைத் தேடி ஒட்ட வேண்டிய ஆன்டிபாடி பிடிக்கவே இல்லை.

கடைசியில் கைகொடுத்தது டெக்னோவிட் 9100 என்ற பிசின். உறைநிலைக்குக் கீழேயே இது இறுகும். அதற்குமுன் வெற்றிடத்தில் வைத்து மரைக்குள் சிக்கிய காற்றை எடுத்துவிட வேண்டும். சோம்பலில் இதை விட்டு ஒரு மாதிரியைக் குமிழிக்குப் பறிகொடுத்தேன். அப்புறம் வைர ரம்பத்தால் அறுத்து, சுமார் 50 மைக்ரானுக்குத் தேய்த்து, 2-மெத்தாக்ஸிஎத்தில் அசிடேட்டில் மேற்பரப்புப் பிசினை மட்டும் கரைத்தேன். நேரம் கூடினால் சீவல் ஸ்லைடை விட்டுக் கிளம்பிவிடும்.

இந்த முறை ஆன்டிபாடி போட்டுச் சாயமேற்றியதும், கருப்பு மரைப்பல்லை ஒட்டியே ஆஸ்டியோகால்சினைக் காட்டும் பழுப்புக் கோடு தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, புரதத்தோடு நேராக ஒட்டும் முதல் ஆன்டிபாடியைப் போடாமல் விட்ட ஸ்லைடு வெறுமையாகவே இருந்தது.